யாரும் கழற்றாத துவக்கு

வெட்டுவதா, வைத்திருப்பதா? போன மாதம் நான் பட்டறைக்கு எட்டிப் பார்க்க வந்தபோது, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் என்னைக் கேட்ட கேள்வி இது. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தேன். ஒரு சனிக்கிழமைக் காலையைப் பற்றிச் சொன்னால்தான் இந்த விஷயத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்பது உங்களுக்கு விளங்கும் என்று பட்டது.

வேலை முறைகளை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை மேசையடியில் நின்று பழகிக்கொள்வீர்கள். மேசையடியில் பழக முடியாத ஒன்றைப் பற்றித்தான் இது.

நான் யாழ்ப்பாணத்தில் கடைசல் வேலை பழகியவன். ஜெர்மனியில் சில காலம் தொழிற்சாலையில் நின்றுவிட்டு லண்டனுக்கு வந்தேன். இல்ஃபோர்ட் பக்கத்துத் தொழிற்பேட்டையில், பெயர்ப்பலகை இல்லாத ஒரு பட்டறையில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோது, அது துப்பாக்கி திருத்தும் இடம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததும் திரும்பிப் போகத்தான் நினைத்தேன். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு வந்தவன் துவக்குக்கு எண்ணெய் போடுவதா என்று வீட்டிலும் கேட்டார்கள். போலீஸ் வந்து என்னை விசாரித்து, பின்னணி எல்லாம் பார்த்து, அனுமதி கொடுக்கும்வரை எனக்கே நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் முதலாளி நம்பினார். அவர் ஆங்கிலேயர். அதிகம் பேசாதவர். அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். முதலாளி என்றே சொல்லிப் போகிறேன்.

எங்களிடம் வரும் துவக்குகளில் பாதி, இராணுவம் எப்போதோ கழித்துவிட்ட பழைய ரைபிள்கள். ஊரில் திரீ நாட் திரீ என்று சொல்லுவார்களே, அந்த வகை. அவற்றைக் கொண்டுவருகிறவர்களில் இரண்டு சாதி உண்டு. வேட்டைக்காரருக்கு அது கருவி. குழலை மூடியிருக்கும் நீண்ட மரத்தைக் குறுக்கு, குழலை வெட்டு, மேலே துளை போட்டுத் தொலைநோக்கி பூட்டு என்பார்கள். சேகரிப்பவருக்கு அது சாட்சி. மரத்தில் உள்ள வடுவும், உலோகத்தில் அடித்த இலக்கமும், எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். இரண்டு தரப்பும் ஒரே நேரத்தில் கடைக்குள் நின்றால் முதலாளி மெல்லப் பின்னறைக்குப் போய்விடுவார்.

அப்படி ஒரு நாள் நின்றவர்கள்தான் நேசன் அண்ணையும் சுதனும்.

நேசன் அண்ணை ஆர்ச்வேயில் இருப்பவர். சுரங்க ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமைகளில் முருகன் கோயில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை துப்பாக்கிக் கழகம். ஊரில் இருந்தவரை துவக்கு வைத்திருந்த எல்லாருக்கும் வழிவிட்டு ஒதுங்கி நடந்த மனிதர் ஏன் இதைச் சேர்க்கிறார் என்று ஒருமுறை கேட்டேன். "இப்ப துவக்கு என்ர அலுமாரிக்குள்ள, சாவி என்ர பொக்கற்றுக்குள்ள," என்றார்.

சுதன் சுவிஸில் வளர்ந்தவன். அங்கே கட்டாய இராணுவ சேவை செய்தவன். லண்டனுக்கு வந்து சவுத்தாலில் சாப்பாட்டுக்கடை போட்டிருந்தான். முறையான அனுமதியோடு ஸ்கொட்லாந்து மலைகளுக்குப் போய் மான் வேட்டையாடுவான்.

ஒரு விவசாயி இறந்த பிறகு அவர் வீட்டிலிருந்த இரண்டு ரைபிள்களை முதலாளி வாங்கியிருந்தார். இரட்டைப் பிள்ளைகள் போல. மரம், உலோகம், திருகாணி எதிலும் யாரும் கைவைத்த அடையாளம் இல்லை. முதலாளி விளக்குப் பிடித்துக் குழலுக்குள் பார்த்தார். அளவுகோல்கள் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மரத்தை மட்டும் கழற்றவில்லை. கழற்றினால் திருகாணித் தலையில் கீறல் விழும். கீறல் விழுந்தால் 'யாரும் தொடாதது' என்று சொல்ல முடியாது. சேகரிப்பவர்களிடம் அந்த ஒரு சொல்லுக்கு அவ்வளவு மரியாதை.

ஒன்றை நேசன் அண்ணை வாங்கினார். மற்றதைச் சுதன் வாங்கி, அங்கேயே என்னிடம் நீட்டினான். "அண்ணை, முன் மரத்தை வெட்டி, குழலையும் கொஞ்சம் குறைச்சுத் தாங்கோ. ஸ்கோப்பும் பூட்டோணும்."

நேசன் அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது. "என்ன தம்பி கதைக்கிறீர்? எண்பது வருசமா ஆரும் தொடாத சாமான்."

"அங்கிள், இதைத் தூக்கிக்கொண்டு நான் மலை ஏறோணும். உந்தப் பாரத்தோட ஏலாது."

"அப்ப புதுசொண்டு வாங்கும்."

"புதுசு வேண்டாம். இது நல்ல துவக்கு. இதுக்கு நான் வேலை குடுக்கப் போறன். அலுமாரிக்குள்ள படுக்கிறதுக்கோ இதைச் செய்தவங்கள்?"

"வெட்டினதைத் திரும்ப ஒட்ட ஏலுமோ? சொல்லும் பாப்பம்." அவர் என் பக்கம் திரும்பித் தன்னுடைய துவக்கின் திருகாணிகளைக் காட்டினார். "பாரும், ஒரு கீறல் இல்லை. இப்பிடி ஒண்டை வெட்ட உமக்குக் கை வருமோ?"

உண்மையைச் சொன்னால், எனக்குக் கை வரவில்லை. நான் எப்போதும் அவருடைய கட்சிதான். முதலாளியோ, பொருள் யாருடையதோ முடிவும் அவருடையது என்பார். முடிவெடுக்க முன்னர் அவருக்குத் தெரிய வேண்டியதைச் சொல்வதோடு எங்கள் வேலை முடிந்தது என்பார்.

சொன்னேன். ஒரு தடவைக்கு மேலேயே சொன்னேன். சுதனின் வேலையை மற்ற வேலைகளுக்குப் பின்னால் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் யோசியும்" என்று தொலைபேசியில் அவனைக் கரைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் அவனும் இளகி, "பாப்பம் அண்ணை" என்றான். ஆனால் வெள்ளிக்கிழமை தொலைபேசி எடுத்து, "இல்லையண்ணை, வெட்டுங்கோ. திங்கக்கிழமை ஸ்கொட்லாந்து போறன்" என்று முடிவாகச் சொல்லிவிட்டான். அன்று மாலை நேசன் அண்ணையும் எடுத்தார். குரலில் கலியாண வீட்டுக் களை. மறுநாள் கழகத்தில் பழைய துவக்குகளுக்கான நாள் என்றும், தன்னுடையதை முதன்முதலாகச் சுட்டுப் பார்க்கப் போவதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை முதலாளி வெளியூரில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தார். பட்டறையில் நான் மட்டும். சுதன் காலையிலேயே வந்து, தன் துவக்கு வெட்டுப்படுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு எதிரே நின்றுகொண்டான். நான் மனமில்லாமல் திருகாணிகளைக் கழற்றி மரத்தைப் பிரித்து எடுத்தேன்.

மரத்துக்கு அடியில் மறைந்திருந்த உலோகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பழைய எண்ணெய் காய்ந்து, மண்ணிறமாக, சில இடங்களில் துருப்புள்ளியோடு இருக்கும். இங்கே குழலின் பின்பக்கம், துப்பாக்கி ரவை போய் அமர்கிற இடத்துக்கு நேரே, கறுப்புப் பூச்சு புத்தம் புதிதாக இருந்தது. யாருமே திறக்காத இடத்தில் புதுப் பூச்சு எப்படி வரும்?

பெருவிரலால் தடவினேன். ஓர் இடம் மட்டும் நூலளவு உயர்ந்திருந்தது. பூச்சைத் துடைத்து எடுத்தேன். சின்னப் பொத்தானைப் போல ஒரு வட்டம் தெரிந்தது.

"என்ன அண்ணை, நிண்டுட்டீங்கள்?" என்றான் சுதன்.

அது அணிவகுப்புப் பயிற்சித் துவக்கு. இராணுவம் சில துவக்குகளைத் தோளில் வைத்து நடை பழகுவதற்கென்றே ஒதுக்கும். தவறிக்கூட யாரும் சுட்டுவிடாதபடி ரவை அமரும் இடத்தில் துளை போட்டுவிடும். பயிற்சித் துவக்கு என்ற முத்திரையும் இருக்கும். யாரோ ஒருவர் அந்த முத்திரையை அராவி எடுத்து, துளையை உள்ளே பார்த்தாலும் தெரியாதபடி அடைத்துத் தேய்த்து, பூச்சுப் பூசி, மரத்தை மாட்டி, திருகாணிகளுக்கும் பழைய நிறம் ஏற்றி, யாரும் தொடாத துவக்காக ஆக்கியிருக்கிறார். அந்த ஆள் யார் என்று கடைசிவரை தெரியவரவில்லை. இறந்த விவசாயியும் அதை நம்பி வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும்.

சுதனுக்கு விளக்கினேன். ரவை வெடிக்கும்போது எழும் அழுத்தம் முழுவதையும் தாங்க வேண்டிய இடம் அது. அந்த அடைப்பு தாங்கலாம், தாங்காமலும் போகலாம். தாங்காவிட்டால் சுடுகிறவரின் முகம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

அவன் மேசையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, திங்கக்கிழமை நான் இதைத்தானே..." என்று தொடங்கி நிறுத்தினான். பிறகு சொன்னான், "மற்றது? அங்கிளின்ர?"

நேசன் அண்ணையின் கைப்பேசிக்கு எடுத்தேன். அணைத்து வைத்திருந்தார். கழகத்தின் சுடுதிடலில் எல்லாரும் அப்படித்தான். அடுத்து முதலாளிக்கு எடுத்தேன். கண்காட்சி இரைச்சலுக்குள் அவர் முழுவதையும் கேட்டார்.

"இரண்டாவதை நீ பார்த்தாயா?" என்றார்.

"இல்லை."

"அப்படியானால் அதைப் பற்றி உனக்குத் தெரியாது. நாம் விற்ற துவக்கு வெடிக்கும் என்று ஒரு கழகத்தின் முன்னால் நீ சொல்லப் போகிறாய். அது நல்ல துவக்காக இருந்தால் நம்மிடம் இனி யார் வருவார்கள்? போலீஸ் நம் அனுமதியைத் திரும்பப் பார்க்கும். பொறு. நான் கிளம்பி வருகிறேன். நேசனிடம் நானே பேசுகிறேன்."

"அவர் இப்போது திடலில் நிற்கிறார்."

"பொறு என்றேன்."

அவர் சொன்னதில் காரணமில்லாமல் இல்லை. எனக்கு வேலை தந்தவர். என் அனுமதிப் பத்திரம் அவருடைய பத்திரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது துவக்கைப் பற்றி எனக்கு உண்மையிலேயே தெரியாது. அது முற்றிலும் நல்லதாக இருந்திருக்கலாம். நான் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது: முதலாளி வந்து சேர நேரம் எடுக்கும். ஒரு ரவை வெடிக்க நேரம் எடுக்காது. தெரியாது என்பதைக் காரணம் காட்டி அவர் பொறுக்கச் சொன்னார். அதே காரணத்துக்காக நிறுத்தத்தான் வேண்டும் என்று எனக்குப் பட்டது.

சுடுதிடல் அலுவலகத்துக்கு எடுத்தேன். ஒரு பெண்மணி எடுத்தார். பின்னால், தூரத்தில், வெடிச்சத்தம் கேட்டது. ஒன்று, கொஞ்சம் விட்டு இன்னொன்று. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அன்று ஒவ்வொரு சத்தத்துக்கும் என் தோள் குறுகியது.

நேசன் அண்ணையின் பெயரையும் கழகத்தையும் சொல்லி, அவருடைய பழைய ரைபிளைச் சுட விட வேண்டாம் என்றேன்.

"இன்றைக்கு எல்லாருமே பழைய ரைபிள்தான் கொண்டுவந்திருக்கிறார்கள்," என்றார் அவர். "அவர் எந்த இடத்தில் நிற்கிறார்?"

"தெரியாது. யார் கையில் இருக்கிறது என்றும் தெரியாது."

"அப்படியானால் நான் எப்படி..."

"எல்லாரையும் நிறுத்துங்கள்."

"முழு வரிசையையுமா?"

"முழு வரிசையையும். சுட்டால் வெடித்துச் சிதறக்கூடிய துவக்கு ஒன்று அங்கே இருக்கலாம். நான் துவக்குத் திருத்துகிறவன். அதை விற்ற பட்டறையிலிருந்து பேசுகிறேன். பிழையாக இருந்தால் பொறுப்பு என்னுடையது." என் முழுப் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன்.

அவர் வானொலிக் கருவியில் பேசுவது கேட்டது. பிறகு இன்னொரு வெடி. பிறகு யாரோ உரக்கக் கத்துவது கேட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை. அவ்வளவு நல்ல அமைதியை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை.

"நிறுத்திவிட்டார்கள். எல்லாத் துவக்குகளையும் திறந்து, ரவையை எடுத்து, கீழே வைத்திருக்கிறார்கள்," என்றார் அந்தப் பெண்மணி. "நீங்கள் வருகிறீர்களா?"

சுதன் ஏற்கெனவே வாகனச் சாவியைக் கையில் எடுத்திருந்தான். அவனுடைய துவக்கை, கழற்றியது கழற்றியபடி, பூட்டுப் பெட்டியில் வைத்துக் கடையின் பத்திரங்களோடு எடுத்துக்கொண்டேன். லண்டனைச் சுற்றும் பெருந்தெருவில் கறிச்சரக்கு மணக்கும் அவனுடைய வாகனத்தில் போகும்போது நேசன் அண்ணையின் அழைப்பு வந்தது.

"நீர் என்ன விளையாட்டு விடுறீர்?" எடுத்த எடுப்பில் கத்தினார். "முழுக் கழகத்துக்கு முன்னால என்னைக் கள்ளனைப் போல நிப்பாட்டி வைச்சிருக்கிறாங்கள். அஞ்சு ரவை சுட்டாச்சு. ஒண்டும் நடக்கேல்லை. தேன் மாதிரிச் சுடுது."

"அண்ணை, நான் வாறன். அதுவரைக்கும் தொடாதேங்கோ."

"உம்மட முதலாளி சொன்னவரோ?"

"இல்லையண்ணை. நான்தான்."

அவர் வைத்துவிட்டார். சுதன் வீதியைப் பார்த்தபடியே கேட்டான், "அண்ணை, அது நல்ல துவக்கா இருந்தா?"

"நல்லது எண்டு சந்தோசப்படுவன்," என்றேன். பிறகு வேலை தேட வேண்டியிருக்கும் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

திடலில் கழகத்தினர் கூட்டமாக ஒதுங்கி நின்றார்கள். யாரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. துவக்கு ஒரு பாயில் தனியாகக் கிடந்தது. பக்கத்தில் நேசன் அண்ணை காவலுக்கு நிற்பவர் போல நின்றார். கழகத்தில் அவருக்குப் பழக்கமான ஹெலன் என்ற பள்ளி ஆசிரியை கொஞ்சம் தள்ளி நின்றார். நேசன் அண்ணை ஐந்து ரவைகளைச் சுட்டுவிட்டு, சந்தோஷத்தில் துவக்கை ஹெலனிடம் கொடுத்திருக்கிறார். ஹெலன் படுத்து, கன்னத்தை மரத்தில் பதித்து, விசையில் விரலை வைத்த நேரத்தில்தான் நிறுத்தச் சொல்லிச் சத்தம் வந்திருக்கிறது.

"மரத்தைக் கழற்றிப் பாக்கோணும் அண்ணை," என்றேன்.

"ஏலாது."

"ஒருக்கா மட்டும்."

"நீர் கழற்றினா அது பேந்து பழைய சாமானில்லை. உமக்கு அது தெரியும். வேற ஆக்களுக்குத் தெரியாட்டிலும் உமக்குத் தெரியும்."

திடல் பொறுப்பாளர் குறுக்கே வந்தார். இன்றைக்கு இந்தத் துவக்கு இங்கே சுடப்படாது, ஆனால் சொந்தக்காரரின் சம்மதம் இல்லாமல் அதைத் திறக்கவும் விடமாட்டேன் என்றார். நியாயமான மனிதர். நேசன் அண்ணை உறையை எடுத்தார். "சரி. இஞ்ச வேண்டாம். அடுத்த கிழமை வேற திடலுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் காட்டுறன்."

அவர் அதைச் செய்யக்கூடியவர். வாக்குவாதம் செய்தால் இன்னும் இறுகுவார் என்றும் எனக்குத் தெரியும். நான் சுதனின் பெட்டியைத் திறந்து, கழற்றிய குழலை அவர் கையில் கொடுத்தேன். "அண்ணை, பெருவிரலால இந்த இடத்தைத் தடவிப் பாருங்கோ."

தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பத் தடவினார்.

"இது அந்தத் தம்பியின்ரயோ?"

"ஓம். ரெண்டும் ஒரே வீட்டில இருந்து வந்தது."

சுதன் மெல்லச் சொன்னான், "அங்கிள், வெட்டுறதுக்கெண்டு கழற்றினபடியாத்தான் தெரிஞ்சது. இல்லாட்டி நானும் நாளையிண்டைக்குச் சுட்டிருப்பன்."

நான் ஸ்குரூடிரைவரை எடுத்து, பிடியை நேசன் அண்ணையின் பக்கமாக நீட்டினேன். "நான் தொடேல்லை. நீங்களே கழற்றுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு புல்லில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். முதல் திருகாணியில் கருவி வழுக்கி, பளிச்சென்று ஒரு கீறல் விழுந்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். அவர் அதைக் கவனிக்கவேயில்லை. கழற்றிக்கொண்டே போனார்.

மரம் கையோடு வந்தது. குழலில் அதே புதுப் பூச்சு. அதே இடத்தில் அதே வட்டம். ஆனால் எல்லாரும் பார்த்தது குழலையல்ல, மரத்தின் உட்பக்கத்தை. வெளிறிய மரத்தில், அந்த வட்டத்துக்கு நேரே, விளக்குத் திரி சுட்டதைப் போல ஒரு கருகல். அடைப்பின் ஓரத்தால் நெருப்பு வெளியே வரத் தொடங்கியிருந்தது. ஐந்து ரவைகளும் வெளியே தேன் மாதிரிச் சுட்டிருக்கின்றன. உள்ளே ஒவ்வொன்றும் அந்த அடைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பியிருக்கிறது.

ஹெலன் கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். வலது கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, "யார் தொலைபேசியில் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். நேசன் அண்ணை என்னைக் காட்டினார். ஹெலன் எட்டி என் கையைப் பிடித்தார்.

மாலையில் முதலாளி கண்காட்சியிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் இரண்டு குழல்களையும் விளக்கின் கீழ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு தானே தொலைபேசியை எடுத்துப் போலீஸுக்குத் தகவல் கொடுத்தார். என்ன விற்றோம், யாரிடமிருந்து வாங்கினோம், எதைப் பார்க்காமல் விட்டோம் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உன்னைப் பொறு என்றேன்."

"ஓம் சார்."

"இனி இப்படி ஒன்றில் நான் பொறு என்று சொன்னால், பொறுக்காதே."

இதைத் தவிர அந்த நாளைப் பற்றி அவர் என்னிடம் வேறொன்றும் சொன்னதில்லை. ஆனால் திங்கட்கிழமை முதல், கடையில் இருந்த ஒவ்வொரு பழைய ரைபிளின் மரத்தையும் இருவருமாகக் கழற்றிப் பார்த்தோம். முன்னர் எங்களிடம் வாங்கியவர்களையும் அழைத்துச் சொன்னோம். சிலர் நன்றி சொல்லிக் கொண்டுவந்தார்கள். சிலர் கோபப்பட்டார்கள். கழற்றிப் பார்க்காமல் இனி விற்பதில்லை என்று முதலாளி முடிவெடுத்ததும், தொடாத துவக்குத்தான் வேண்டும் என்ற சில நல்ல வாடிக்கையாளர்கள் வேறு கடைகளுக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை. விசாரணை முடியும்வரை அனுமதி போய்விடுமோ என்ற பயமும் இருந்தது. போகவில்லை. கண்டதும் நிறுத்தினோம், நாங்களாகவே சொன்னோம் என்பதுதான் எங்களைக் காப்பாற்றியது என்று பிறகு அறிந்தோம்.

சுதன் அந்தத் திங்கட்கிழமை ஸ்கொட்லாந்து போகவில்லை. பிறகு, யாரோ பல வருடங்களுக்கு முன்னரே வெட்டிக் குறுக்கிய ஒரு ரைபிளை எங்களிடம் வாங்கினான். இன்றைக்கும் அதோடுதான் மலை ஏறுகிறான். நேசன் அண்ணை தன்னுடையதை அழிக்கக் கொடுத்தார். வீட்டிலுள்ள மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நான் கழற்றும்போது பக்கத்தில் நின்று பார்ப்பார். சேகரிப்பதை அவர் விடவில்லை. வெட்டக்கூடாது என்ற கட்சியிலிருந்தும் மாறவில்லை. நானும் மாறவில்லை.

ஆகவே, கேட்டவருக்கு என் பதில் இதுதான். வெட்டச் சொல்கிறவரும் வைத்திருக்கச் சொல்கிறவரும் தங்களுக்குள் வழக்காடட்டும். கையில் இருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும்வரை, இரண்டு பேருடைய சொல்லையும் கேட்காதீர்கள். உங்கள் மனம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்தைக் கூடுதலாகச் சந்தேகியுங்கள். நான் சுதனின் மனத்தை மாற்றுவதில் வென்றிருந்தால், அந்த இரண்டு துவக்குகளையும் யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

சில வாரங்களுக்குப் பிறகு ஒரு மதியம் ஹெலன் பட்டறைக்கு வந்தார். கையில் ஒரு நீண்ட உறை. அவருடைய தந்தை விட்டுப்போன ரைபிள். அன்றிலிருந்து தன்னால் அதைத் தோளில் வைக்க முடியவில்லை என்றார். கழகத்துக்குப் போகிறார், மற்றவர்களுக்குக் குறி எண்ணிக் கொடுக்கிறார், தான் மட்டும் சுடப் படுப்பதில்லை.

"திறந்து பாருங்கள். நான் இங்கேயே நிற்கிறேன்," என்றார்.

திறந்தேன். மரத்துக்கு அடியில் பழைய எண்ணெய், கொஞ்சம் துரு, ஒரு செத்த சிலந்தி. குழலை அவரிடம் கொடுத்தேன். பெருவிரலால் அவரே மேலும் கீழும் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, வெறுமையான துவக்கை அவர் கையில் வைத்தேன். அவர் அதைச் சுவரை நோக்கித் தூக்கி, கண்ணை மூடி, மெதுவாகக் கன்னத்தை மரத்தில் வைத்தார். அப்படியே நின்றார். நானும் முதலாளியும் கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, அவர் கண்ணைத் திறக்கும்வரை காத்திருந்தோம்.